யார் விரல் வெச்சாலும் திறக்குற என் போன்

அனுப்புநர்:
சலவைக்கூடத்து அக்கா (அப்படிக் கேட்டாத்தான் காட்டுவாங்க),
ஆஸ்பத்திரியில் துணி மடிப்பவர்,
தண்ணீர்த்தொட்டிக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: கைப்பேசித் திரையில் ஒட்டிப் பார்க்கச் சொல்லித் தரப்பட்ட பாதுகாப்பு பிலிமினால் மனுதாரருக்கு ஏற்பட்ட குடும்ப நஷ்டம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அதுக்குக் கீழ அவர் எழுதினத நான்தான் அடிச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. அவர்னா, உங்க ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர். என் கதை முழுக்க ஊம் கொட்டிக் கேட்டுட்டு ரெண்டே வரியில முடிச்சுட்டார். பொருள் தரக்குறைவாம், மன உளைச்சலாம். இதுல என் தங்கச்சி பத்தி ஒண்ணும் காணோமேன்னு கேட்டேன். ஆபீசருக்கு அழுகை வேண்டாம்மா, விவரம் போதும், வேணும்னா நீங்களே நம்பர் போட்டு எழுதுங்கன்னு பேனாவக் கையில கொடுத்துட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச கையெழுத்து, பொறுத்துக்கணும்.

1. எங்க தெருமுனை போன் கடைத் தம்பி என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடும். போன மாசம் அந்த வழியா போனப்ப, பெரியம்மா, புதுசா ஒரு பிலிம் வந்திருக்கு, கண்ணாடி மாதிரி உடையாது, சும்மா ஒட்டிப் பாருங்க, பிடிக்கலன்னா கழட்டிடலாம்னுச்சு. ஊதி, துடைச்சு, ஒரு குமிழ் இல்லாம ஒட்டுச்சு. ஆனா பிலிம் மேல என் விரல வெச்சா போன் திறக்கல. அது ஒண்ணுமில்லன்னு பழைய விரல் பதிவ அழிச்சுட்டு, பிலிம் மேலயே புதுசா வைக்கச் சொல்லுச்சு. வெச்சேன். ஐயா, என் விரல் சோப்புத் தண்ணியில ரேகை தேஞ்ச விரல். முன்னெல்லாம் கெஞ்சிக் கூத்தாடினாத்தான் போன் திறக்கும். அன்னிக்குத் தொட்டதும் திறந்துச்சு. கடவுளே, இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காதேன்னு அவனுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன். வேண்டினதத் திரும்ப வாங்குறதுக்கு ஒரு ஆபீஸ் இருந்தா அங்கயும் ஒரு மனு கொடுப்பேன்.

2. இது கொஞ்சம் சொந்த விஷயம், ஆனா இது இல்லாம கேசு புரியாது. எனக்கு வாய்விட்டுப் பேசினாத்தான் பிரார்த்தனை. சலவைக்கூடத்துல மெஷின் சத்தத்துல கடவுளுக்கே காது கேட்காது, அதனால சாப்பாட்டு நேரத்துல பின்பக்கம் துணி காயப்போடுற இடத்துக்குப் போயிடுவேன். தனியாப் பேசுற பொம்பளையப் பார்த்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. போனக் காதுல வெச்சுப் பேசினா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அப்படியே அதைப் பதிவும் பண்ணி வெச்சுக்குவேன். என்ன கேட்டோம்னு மறந்துடக் கூடாது இல்லையா. கேட்டது நடந்துட்டா நன்றி சொல்லிட்டு அந்தப் பதிவ அழிச்சுடுவேன்.

3. என் தங்கச்சி தையல்காரி. புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து என்கூடத்தான் இருக்கா. ஒரே அடுப்பு, ஒரே பாய், சண்டை போட்டாலும் முதுகு காட்டிப் படுக்குறதோட சரி. அவளுக்குத் தண்ணி லாரி ஓட்டுறவர் ஒருத்தர்கூடப் பழக்கம். அவரும் சம்சாரத்த இழந்தவர், மரியாதையான மனுஷன், படியேறும்போதே தொண்டையக் கனைச்சுட்டுத்தான் வருவார். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம் அக்கா, அண்ணன்கிட்ட நானே சமயம் பார்த்துச் சொல்றேன், அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாதுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. நான் விடல. கடவுள்கிட்ட மட்டும் சொன்னேன். எல்லாம் நல்லபடியா முடியட்டும், அதுவரைக்கும் அண்ணி நாக்குல ஒரு பூட்டுப் போடு சாமின்னு கேட்டேன்.

4. அண்ணி ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து தங்கினாங்க. நான் குளிக்கப் போனேன், போன் ஜன்னல் மேல இருந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல எல்லாரும் கூடி இருக்கும்போது அண்ணி சாவகாசமா ஆரம்பிச்சாங்க. என்ன, லாரிக்காரர் மாப்பிள்ளையாமே, உங்க அக்காதான் சொன்னான்னு தங்கச்சியப் பார்த்துச் சொன்னாங்க. சாமி சத்தியமா நான் சொல்லவே இல்லைன்னேன். என் பக்கம் திரும்பி, என் நாக்குக்குப் பூட்டு தேடினியே, முதல்ல உன் நாக்குக்கு வாங்கிப் போடுன்னாங்க. ஐயா, அந்த வார்த்தை நானும் கடவுளும் மட்டும் பேசினது. அப்பவே எனக்கு விளங்கிடுச்சு. என் போன எடுத்துக் கேட்டிருக்கீங்கன்னு சொன்னேன். அது உன் விரல் வெச்சாத்தானே திறக்கும், உன் விரல வெட்டி எடுத்துட்டுப் போனேனான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் தங்கச்சி சிரிக்கல.

அண்ணன் மறுநாளே லாரி நிக்கிற இடத்துக்குப் போய், பத்துப் பேர் முன்னால அந்த மனுஷனப் பேசக்கூடாததெல்லாம் பேசிட்டான். அதுக்கப்புறம் எங்க படியில கனைப்புச் சத்தம் கேட்கல. தங்கச்சி தையல் மெஷினத் தூக்கி, தான் தைச்சுக் கொடுக்கிற துணிக்கடையோட பின் ரூம்ல போட்டுக்கிட்டு அங்கயே தங்கிட்டா. போகும்போது, நீ சாமியையும் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பொய் சொல்றியேக்கான்னு கேட்டா. இத்தனை வருஷத்துல என்னை அவ அப்படிக் கேட்டதில்ல.

5. மறுநாள் வேலையில என் மேஸ்திரியம்மாவ விரல் வைக்கச் சொன்னேன். திறந்துச்சு. இஸ்திரி போடுறவர் வெச்சார், திறந்துச்சு. இன்னும் உருளைக்கிழங்கு ஒண்ணுதான் வெச்சுப் பார்க்கல. கடைக்கு ஓடினேன். அந்தத் தம்பி தலை நிமிராமலே, ஆமா பெரியம்மா, இந்த பிலிம்ல அப்படித்தான் ஆகுது, போன் விரல விட்டுட்டு பிலிமப் படிச்சுக்குது, வேற ரெண்டு பேரும் வந்து சொன்னாங்கன்னுச்சு. தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டா, நீங்க திரும்ப வரல, பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்னுது. பெரியம்மான்னு கூப்பிட்ட வாய் அது. அண்ணி அந்நியத்துலேர்ந்து வந்தவங்க, அவங்க குணம் எனக்குத் தெரியும். இவன நம்பித்தானே வீட்டுச் சாவி மாதிரி இருந்தத நீட்டினேன்.

தங்கச்சிகிட்ட திறந்து காட்டலாம்னு போனேன். கதவுக்குப் பின்னாலேர்ந்தே, இப்ப போன் கடையில ஏதோ மாத்திட்டு வந்து காட்டுவே, நான் நம்பணுமான்னு கேட்டா. அது அண்ணி சொல்லிக் கொடுத்த பேச்சு.

ஆகையால் ஐயா அவர்களைக் கேட்டுக்கிறது என்னன்னா: பிலிம நான் கழட்டல. கடைத் தம்பி இலவசமாக் கழட்டித் தர்றேன்னு ரெண்டு தடவை வந்துச்சு, கிட்ட விடல. போன இந்த மனுவோடயே கொண்டு வந்திருக்கேன். நீங்க உங்க விரல வெச்சுப் பாருங்க, உங்க பியூனையும் வைக்கச் சொல்லுங்க. உள்ள இருக்கிற பிரார்த்தனைய மட்டும் கேட்காதீங்க. அந்தத் தம்பியக் கூப்பிட்டு, ஒட்டின நாள்லேர்ந்தே இது எல்லா விரலுக்கும் திறந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்க. நஷ்டஈடு ஒண்ணும் வேண்டாம். அந்தத் தாள என் தங்கச்சி கதவுக்கு அடியில தள்ளணும், அவ்வளவுதான். அடுத்து ஒட்டுறவங்களுக்கும் சொல்லிட்டு ஒட்டச் சொல்லுங்க. அவங்களுக்கும் ஒரு அண்ணி இருப்பாங்க.

உங்க பிள்ளைகுட்டிகளுக்காக இன்னிக்கு வேண்டிக்கிறேன், போன் இல்லாம.

தேதி: இன்னிக்கு, வெள்ளிக்கிழமை
இடம்: உங்க ஆபீஸ் வராண்டா பெஞ்சு

இப்படிக்கு,
சலவைக்கூடத்து அக்கா
(கையெழுத்து)

ஐயா, கையெழுத்துப் போட்டு முடிச்சப்பதான் ஞாபகம் வருது. பிலிம் ஒட்டின அன்னிக்கு என் தங்கச்சியும் நூல் வாங்க என்கூட வந்திருந்தா. போன் கடைய விட்டு இறங்கினதும், நூல் கலர் சரியான்னு போட்டோவப் பார்க்க என் பையிலேர்ந்து போன அவதான் எடுத்தா. என் ரெண்டு கையிலயும் சாமான். அவளே விரல வெச்சா, திறந்துச்சு. பாருக்கா, உன் போனுக்கு என்னையும் தெரியுதுன்னு சொன்னா, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே தெருவுல நடந்தோம். அது ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப் போன அவ விரல்.