லிஃப்ட் கப்பலில் வருகிறது

பிப்ரவரி 3, செவ்வாய்

லிஃப்ட் நின்றுவிட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். உள்ளே நாலாம் மாடி வக்கீலும் அவருடைய காய்கறிப் பையும். கதவை நெம்பி வெளியே எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "செகரட்டரி எங்கே?"

நான்தான் செகரட்டரி. போன வருடம் குடியிருப்போர் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றத்துக்காக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். மோட்டார் எரிந்துவிட்டதாம். சொல்லும்போது துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

மொட்டை மாடியில் கூட்டம். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். "பழைய மோட்டாருக்கே புதுசா கம்பி சுத்திப் போடலாம். ஒரு வாரத்துல ஓடும். எத்தனை நாள் ஓடும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. இல்லேன்னா புதுசு. வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல வரணும்."

வக்கீல் பழசே போதும் என்றார். "கப்பலை நம்பி ஆறு மாடி ஏறச் சொல்றது என்ன நியாயம்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஆபீசில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். எழுந்து நின்று சொன்னேன்: "கப்பலைப் பத்தி எனக்கா தெரியாது? எங்க கம்பெனி கப்பல்லயே வரும். மார்ச் பத்தாம் தேதி மோட்டார் இங்க இருக்கும்." கை தட்டினார்கள். புது மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

படி ஏறும்போது என்னவர் கேட்டார், "உங்க ஆபீஸ்ல என்னிக்காவது ஒரு கப்பல் சொன்ன தேதிக்கு வந்திருக்கா?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12, வியாழன்

முப்பது வருடமாகப் பிள்ளைகளை உயரம் தாண்டவும் நீளம் தாண்டவும் வைத்த பி.டி. மாஸ்டர், வேறு யார், என்னவர்தான், இன்று பல்பு மாற்ற ஏறிய முக்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் கணுக்காலை முறித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஆறாம் மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் ஓர் இடி. மூன்றாம் மாடி ட்யூஷன் டீச்சர் வீட்டு வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாதிப் பேர் அவர் பள்ளிக்கூடம்தான். ஒருத்தன் சிரித்துவிட்டான்.

மாவுக்கட்டு ஆறு வாரம். காலை ஊன்றக் கூடாது, படி கூடவே கூடாது. திரும்ப மேலே தூக்கிவந்து கட்டிலில் போட்டதும் அறிவித்தார்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. லிஃப்ட் வந்தாத்தான் இறங்குவேன்."

மார்ச் இருபது அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. மாதக் கடைசியில் ஓய்வு. ஆக, அவர் விசில் ஊதி ஓட்டம் தொடங்கி வைக்கப்போகும் கடைசி விழா. அது இல்லாமல் ஓய்வு பெற்றால் அது ஓய்வு இல்லையாம், காணாமல் போவதாம்.

பத்தாம் தேதி மோட்டார். இருபதாம் தேதி விழா. நடுவில் பத்து நாள் இருக்கிறதே, போதாதா?

பிப்ரவரி 19, வியாழன்

கப்பல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். கடல் படத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. வக்கீலின் வாயை அடைக்க அதை அவருக்குக் காட்டினேன். தப்பு செய்துவிட்டேன். இப்போது மொத்தக் கட்டடமும் பார்க்கிறது.

ட்யூஷன் டீச்சர்தான் பெயர் வைத்தாள். "எல்லாரும் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கோம். ஆள் மட்டும் வரக் காணோம். மாப்பிள்ளைதானே இது?" அன்றிலிருந்து கப்பலுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். காலையில் படியில் எதிர்ப்படுகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை, "மாப்பிள்ளை எதுவரைக்கும் வந்திருக்கார்?" என்கிறார்கள்.

பிப்ரவரி 26, வியாழன்

மாப்பிள்ளை நகரவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

நடுவழித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். எங்கேயோ ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இங்கே ஆறாம் மாடியில் இன்னொருவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. என்னவரிடம் சொன்னபோது, "அவங்க கஷ்டம் அவங்களுக்கு" என்றார் பெருந்தன்மையாக. அடுத்த நிமிடமே, "எப்ப முடிப்பாங்களாம்?"

மார்ச் 5, வியாழன்

வேலைநிறுத்தம் முடிந்தது. கட்டடத்தில் ஒரே கொண்டாட்டம். நான் மட்டும் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். தேங்கி நின்ற கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் கிளம்பியிருக்கின்றன; எல்லாம் ஒரே நேரத்தில் இங்கே வந்து நிற்கும். எங்கள் துறைமுகத்தில் நிறுத்த இடம் ஏது? பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே வாசலில் பிள்ளைகள் முட்டிக்கொள்கிற கதைதான். இதைக் கீழே யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுவானேன்?

மார்ச் 10, செவ்வாய்

நான் வாக்குக் கொடுத்த தேதி. மாப்பிள்ளை வெளிக்கடலில் வரிசையில் நிற்கிறார்.

நாலாம் மாடியில் வக்கீல் காத்திருந்தார். "கனம் செகரட்டரி அவர்களே, இன்னிக்கு என்ன தேதி?"

"தெரியாது. காலண்டர் கிழிக்கலை."

மார்ச் 13, வெள்ளி

எப்படி எழுதுவது.

மேனேஜர் காலையில் கூப்பிட்டார். "நம்ம ஊர்ல இறக்கணும்னா இன்னும் ஒரு வாரம் வரிசையில நிக்கணும். அடுத்த ஊர் எல்லாம் லேட்டாகும். நம்ம ஊரை விட்டுட்டு நேரா போகச் சொல்லிட்டாங்க. நம்ம பெட்டிங்களை அடுத்த துறைமுகத்துல இறக்கிட்டு, சின்னக் கப்பல்ல திருப்பி அனுப்புவாங்க. லெட்டர் போட்டுடுங்க."

நான் பார்த்து எத்தனை கப்பல்கள் இப்படி எத்தனை ஊர்களை விட்டுவிட்டுப் போயிருக்கின்றன! அந்தக் கடிதம் எனக்குத் தூக்கத்திலும் வரும். இன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். "சார், அதுல எங்க லிஃப்ட் மோட்டார் இருக்கு."

அவர் கோபப்படவில்லை. "அதுல எல்லாரோடதும் ஏதோ ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

உட்கார்ந்து அடித்தேன். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே சொடுக்கில் போனது. அடுத்த நொடி என் கைப்பைக்குள் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால் — மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தவிர்க்க இயலாத காரணங்களால். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு வந்த கடிதம். அடியில் என் பெயரே.

வாங்குகிற இடத்தில் இருந்து அதைப் படித்தது இன்றுதான். என்ன கல்நெஞ்சுக்காரி இவள்! 'தங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி' என்கிறாள். நான் எப்போடி ஒத்துழைக்கிறேன்னு சொன்னேன்?

சாயந்தரம் கீழே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மேலே போய் என்னன்னு சொல்றது? யாருகிட்ட முதல்ல சொல்றது? கை தட்டினாங்களே, அவங்ககிட்டயா? இல்ல, காலண்டர்ல இருபதாம் தேதியை வட்டம் போட்டு வெச்சிருக்கற மனுஷன்கிட்டயா?

ஒவ்வொரு மாடியாக மணி அடித்துச் சொன்னேன். நாலாம் மாடியில் மணியை அடித்துவிட்டு அப்படியே நின்றேன். வக்கீல் இன்று விருந்து சாப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்க முதல்ல. எதிர்த்தரப்பு வாயே திறக்காம நிக்கும்போது ஜெயிச்சா எனக்கு ருசிக்காது."

மார்ச் 14, சனி

மத்தியானம் பச்சைப் புள்ளி நகர ஆரம்பித்தது. படிக்கட்டில் ஆங்காங்கே உட்கார்ந்து எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊருக்கு நேராக வந்தது, நிற்கவில்லை.

"பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போறாரே!" என்றாள் ட்யூஷன் டீச்சர். சிரித்தோம். வேறென்ன செய்வது?

மேலே வந்தேன். என்னவர் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலைக் கழற்றிக் கொடுத்து, "அலமாரியில வெச்சிடு" என்றார். கல்யாணமான நாளாக அந்த விசில் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான். அதைக் கையில் வாங்கியபோது தாங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 16, திங்கள்

ஆபீசில் போன் ஓயவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கத்தினார். வழக்கமாக, "புரிகிறது சார், வருந்துகிறோம்" என்று வைத்துவிடுவேன். இன்று வாய் தவறி, "இன்னும் ரெண்டு வாரம் ஆகும் சார். இதுக்கு முன்னாடி வராது. என் வீட்டு லிஃப்டும் அதே கப்பல்லதான் போயிடுச்சு" என்றேன்.

அவர் குரலை இறக்கிக்கொண்டார். பிறகு கேட்டார், "எத்தனாவது மாடிம்மா?"

மார்ச் 17, செவ்வாய்

சின்னக் கப்பலுக்குப் பெட்டியை மாற்றுவதற்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெரிய கப்பல் வராவிட்டால் சரக்கு என்ன, அங்கேயே கிடந்து மக்கிப்போகிறதா? ஒருவர் கொஞ்ச தூரம், அடுத்தவர் கொஞ்ச தூரம் என்று கைமாறி வந்து சேர்கிறது. ஆறாம் மாடி ஆளுக்கும் அதையே செய்தால் என்ன? ஒவ்வொரு மாடிக்காரரும் ஒரு மாடி மட்டும்.

வீட்டில் சொன்னேன். "நான் என்ன பீரோவா?" என்று எகிறினார்.

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "ஆம்புலன்ஸ்காரங்க யாரோ எவரோ. இவங்க தினமும் முகத்துல முழிக்கறவங்க. கீழ போட்டாக்கூடப் பரவாயில்ல, திட்டிடலாம். நல்லபடியா தூக்கிட்டா என்ன பண்றது? பாக்கும்போதெல்லாம் நன்றி சொல்லணுமே."

ஓ, அதுதானா விஷயம்!

மார்ச் 18, புதன்

ஆபீசில் சரக்குச் சீட்டு ஒன்று தயார் செய்து, வந்ததும் அவர் மடியில் வைத்தேன்.

சரக்கு: பி.டி. மாஸ்டர், ஒன்று. நிலை: பழையது, ஓரிடத்தில் விரிசல், வாய் மட்டும் நல்ல நிலையில். ஏற்றுமிடம்: ஆறாம் மாடி. இறக்குமிடம்: பள்ளி மைதானம். குறிப்பு: தலைகீழாக வைக்கக் கூடாது. கூலி: ஒவ்வொரு மாடிக்கும் ஒரு விசில், அதற்கு மேல் நன்றி சொல்லத் தேவையில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியாதா?

"எடை போடலையே" என்றார்.

"போட்டா யாரும் தூக்க வரமாட்டாங்க."

அலமாரியைக் காட்டினார். விசிலை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, முதுகில் ஆபீஸ் ஸ்டிக்கர் ஒட்டினேன்: 'உடையும் பொருள்'. எங்கள் மாடிக்காரர்கள் தூக்கினார்கள். ஐந்தாம் மாடி வந்ததும் விசில். அங்கே புதுசாகக் கல்யாணமான ஜோடி கைமாற்றிக்கொண்டது. பெண்ணுக்குத்தான் பலம் அதிகம், பையன் பேருக்கு ஒரு பக்கம் பிடித்தபடி வழி சொன்னான். நாலாம் மாடியில் வக்கீல். அவருக்கு முதுகுவலி, வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தோம். கேட்கவில்லை. நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கும்போது என்னிடம் சொன்னார், "உங்க மேல ஒரு கேஸ் போடலாம்னு இருந்தேன்."

"இப்போ?"

"இப்போ நானும் உடந்தை."

மூன்றாம் மாடியில் ட்யூஷன் பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்று சிரித்தவன் முன்னால் வந்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். என்னவர் அவனுக்கென்று தனியாக ஒரு விசில் கொடுத்தார்.

மைதானத்தில் முதல் ஓட்டம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார். அத்தனை பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். ஊதினார். பறந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு வாயில் விசில் இருந்ததால் அழ வசதியில்லை.

திரும்ப மேலே ஏற்றியதைப் பற்றி எழுதக் கைவலி இடம் கொடுக்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மோட்டார் வந்துவிட்டது. சின்னக் கப்பல், ஆடி அசைந்து. இன்றுதான் அவருக்கு ஓய்வும்.

ஏப்ரல் 3, வெள்ளி

லிஃப்ட் ஓடுகிறது. முதல் பயணம் வக்கீலுக்கு என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவர் காய்கறிப் பையை மட்டும் உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, தான் படியேறிப் போனார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஆபீஸ் கடிதத்தில் 'முன்கூட்டியே நன்றி' என்ற கடைசி வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், சரக்கு இப்போது எங்கே இருக்கிறது, உண்மையில் எப்போது வரும் என்று எழுதி, என் போன் நம்பரையும் போடுகிறேன். மேனேஜர் படித்துவிட்டு, "வேலை அதிகமாகுமே" என்றார். ஆகத்தான் செய்கிறது.

என்னவருக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கால் பலப்பட மெல்லப் படியேறிப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சாயந்தரம் இருவரும் கீழே நடந்துவிட்டு வருகிறோம். நான் லிஃப்டில் ஏறி வந்து டீ போடுகிறேன். அவர் தடியை ஊன்றிப் படியில் வருகிறார். வருகிறார் என்றுதான் பெயர். ஒவ்வொரு மாடி வந்ததும் ஒரு விசில், ஒரு கதவு திறக்கிற சத்தம், பேச்சு, சிரிப்பு. ஒரு நாளும் டீ சூடாக இருக்கும்போது வந்து சேர்ந்ததில்லை. நானும் ஏன் லேட் என்று கேட்பதில்லை.

சற்று முன் நாலாம் மாடியில் விசில் கேட்டது. அங்கே வக்கீல் சதுரங்கப் பலகையை விரித்து வைத்திருப்பார். இன்னும் ஐந்தாம் மாடி வேறு இருக்கிறது. இந்த மனிதர் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டு வருகிறவர் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.