ஒயருக்கு அடியில் பீங்கான்

ஞாயிறு, 22-8-2004

மச்சான் செல்வம் புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார் என்று கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். ஸ்பீக்கரைவிட ஒயருக்குத்தான் உபசாரம் பெரிது. எட்டு பீங்கான் கட்டைகள் மேல் கிடத்தியிருந்தார்.

"ஒயரு தரையில பட்டா சத்தம் மங்கிடும் மாப்ள. கட்டை ஃபாரின் சாமான். சென்னைக் கடையில சொல்லிக் குடுத்தாங்க."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் நகம் அளவுக்குப் புடைப்பு. நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கரண்ட் கம்பிக்குச் செய்யும் கட்டை. போன வருடம் அச்சைக் கீழே போட்டு மூளியாக்கியவன் நானே. அந்த அச்சில் புடைப்போடு வந்ததையெல்லாம் கழிவுக் குவியலில் கொட்டினோம். அதை அள்ளி விற்றது யார்? லாரி டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

மச்சானிடம் சொல்லாமல் கட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன். கட்டைகளோடு ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை, ஒரே பாட்டைப் போட்டார்.

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுதுங்க மச்சான்."

மரியாதைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்தது. அவரை ஏமாற்றியது கடைக்காரன். என்னை?

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் ஒயர் தரையில்தான் கிடக்கிறது. கம்பெனிக் குவியலில் புடைப்புக் கட்டை இன்னும் மிச்சம் இருக்கும். நாலு போதும்.