திரும்பிப் பார்த்த மூன்றாவது காலடி

உம்முடைய குகையை எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து உம்முடைய பெயரைத் துடைத்தார்கள். செய்தவன் சென்னையிலிருந்து வந்த ராட்டினக் காண்டிராக்டர். பக்கத்தில் நின்று கைதட்டியவர்கள் நம் டவுன்ஷிப் கண்காட்சிக் குழுவினர். முதலில் இதை எழுதிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்று காலை மாதா கோவிலில் மைதாப் பசை காய்ச்சினார்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை கட்ட. பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த அந்தப் பசையின் வாடை சாலையைத் தாண்டி என் வாசலுக்கு வந்தது. கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பசையில் நனைத்த கோணிச் சாக்கை மூங்கில் சட்டத்தின் மேல் விரித்து, காய்வதற்குள் பழுப்பு நிலக்கரித் தூளை உள்ளங்கையால் ஊதி ஊதித் தூவுவீரே, அந்த மலைக்கு ஈடான மலை இந்த வருடமும் வராது. நான் போய்ப் பார்க்கவில்லை. நீர் இல்லாத குடிலை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

நாம் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். நான் சுரங்கத்தில் ‘அபாயம்’ என்று பலகை பலகையாக எழுதியவன். சுவர் விளம்பரங்களைப் பார்த்து நானே பழகிய எழுத்து என்னுடையது. முதல் வருடம் உம் வீட்டுக் குடிலைப் பார்க்க வந்தபோது, மாடு இருந்தது, இடையர்கள் இருந்தார்கள், தொட்டில் மட்டும் காலியாக இருந்தது.

“ஓய், பிள்ளைய எங்கவே?” என்றேன்.

“இன்னும் பொறக்கலியே அண்ணாச்சி. இப்பவே வெச்சிட்டா யாருக்காக எட்டி எட்டிப் பாப்பாங்க?” என்றீர். உள்ளிருந்து உம் மனைவி ஸ்டெல்லா, “நடுராத்திரி பூசை முடிஞ்சாத்தான் வெப்பாரு. அதுவரிக்கும் என்னையக்கூட தொட வுடமாட்டாரு” என்றாள்.

அந்த வெளிநாட்டு டைனோசர் படம் தமிழ் பேசிக்கொண்டு நம் தியேட்டருக்கு வந்ததே, அப்போது ஊரே டைனோசர் ஆகிவிட்டது. பென்சில் டப்பாவில் டைனோசர், பனியனில் டைனோசர். கண்காட்சியில் ராட்டினம் ஓட்டும் காண்டிராக்டருக்கும் ஆசை வந்தது. “படத்துல வர்ற மாதிரியே வேணும். வாயத் தொறந்து மூடணும்” என்று குழுவிடம் கேட்டான். குழு உம்மைக் காட்டியது, குடில் கட்டுகிறவர் என்று.

நீர் அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தீர். பிறகு சொன்னீர்: “வாய் தொறந்து மூடறத சினிமாக்காரன் நல்லா பண்ணிட்டான் அண்ணாச்சி. அத நம்ம தகரத்துல பண்ணா சிரிப்பாங்க. அவன் பண்ணாதத நாம பண்ணுவோம்.”

அப்படிப் பிறந்ததுதான் குகை. கோணிச் சாக்கு மலைக்குள் வளைந்து போகும் ஒரு பாதை. ஈர நிலக்கரியின் வாடை. முறிந்த மரக்கிளைகள். ஈரக் களிமண்ணில் நான்கு காலடிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன பல்பு. கடைசியில் வைக்கோல் கூடு. அடியில் எரியும் பல்பின் சூட்டால் அந்த வைக்கோல் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கூடு காலி. மிருகம் இல்லவே இல்லை.

காலடிக்கு நீர் எடுத்தது, சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரத்தின் தேய்ந்துபோன இரும்புப் பற்கள். குழு அனுமதி வாங்கித் தந்த மூன்றைச் சேர்த்து வெல்டு வைத்தீர். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் களிமண்ணில் அழுத்தினோம். இரண்டு காலடி முடிந்தபோது செகண்ட் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. உமக்கு டியூட்டி. அவசரத்தில் மூன்றாவது, முன்பக்கம் பின்பக்கமாக விழுந்துவிட்டது. நான்காவதையும் முடித்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் பார்த்தோம்.

“அழிச்சிரலாம்” என்றேன் நான்.

சைக்கிளை மிதிக்கப் போனவர் இறங்கிவந்து குனிந்து பார்த்தீர். “வுடுங்க. அது திரும்பிப் பாத்திருக்குது. பின்னால யாரோ வராங்கன்னு தெரிஞ்சிகினு” என்றீர். மறுநாள் அதே இடத்தில், சாக்குக்குப் பின்னால் சூட்டுக் காற்று ஊதும் ஒரு பழைய புளோயரைப் பொருத்தினீர். மூன்றாவது காலடியைக் குனிந்து பார்ப்பவன் பிடரியில் வெந்நீர் ஆவி போல ஒரு காற்று படும்.

முதல் நாள் திட்டு. கம்மாபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் வெளியே வந்து கத்தினார்: “துட்டு வாங்கிகினு இருட்டக் காட்டறானுவ! எங்க ஊர்ல தெனம் கரண்டு போவுது, அங்க இதே இருட்ட சும்மாவே பாத்துகினுதான இருக்கறோம்!” கூட்டம் சிரித்தது. காண்டிராக்டர் உம்மை நாலு பேர் முன்னால் ஏசினான். நான் அடிக்கவே போனேன். நீர்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்.

இரண்டாம் நாள் ஒரு பெண் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். “பாத்தேன்! எம்மாடி, கண்ணு இம்மாம் பெருசு!” என்று இரண்டு கையையும் விரித்தாள். அதற்குப் பிறகு உள்ளே போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பச்சை என்றார்கள், கறுப்பு என்றார்கள். ஒரு கண்ணைக்கூட நீர் செய்யவில்லை. “இனிமே அத நாம வெக்க வேணாம் அண்ணாச்சி, வந்துடுச்சி” என்று என் காதில் சொன்னீர்.

படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. மிருகம் கூடிற்று, சத்தம் கூடிற்று. நீர் குகையில் ஒரு பல்பைக் குறைத்தீர். மூன்றாம் பாகம் வந்த வருடம் காண்டிராக்டர் உம்மிடம் கேட்காமலே படத்து மிருகத்தை வாசலுக்குமேல் மாட்டினான். “இதை உருவாக்கியவர்” என்று தன் பெயரை எழுதச் சொல்லி என்னிடம் வந்தான்.

“நான் செத்தாலும் என் கை அத எழுதாது வே” என்றேன்.

எழுதாவிட்டால் என்ன? பண்ருட்டியில் பிளக்ஸ் வந்துவிட்டிருந்தது. ஒரே பகலில் அடித்துக்கொண்டு வந்து கட்டினான். திறப்புவிழாவில் அவனுக்குச் சால்வை போட்டார்கள். எட்டு வருடமாக நீர் பசை காய்ச்சியதைப் பார்த்த அதே குழுவினர். நீர் ஸ்டெல்லாவோடு டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று உள்ளே போய்வந்தீர். “நல்லாத்தான் இருக்குது” என்றீர். அதற்கடுத்த வருடம் உம்மை யாரும் கூப்பிடவில்லை. நான் அந்தக் கண்காட்சி வாசலை மிதிக்கவில்லை.

பிறகு அவன் சென்னைக் கடற்கரைச் சாலையில் பெரிய கேளிக்கைப் பூங்கா போட்டான். என் மகள் குடும்பத்தோடு போய்வந்து படங்களைக் காட்டினாள். சிமெண்டில் குகை, வாசலில் அவன் பெயர். கடைசியில் வாயைத் திறந்து மூடும் ரப்பர் மிருகம். பாதையில் நான்கு காலடிகள். எந்தப் பிராணிக்கும் அப்படி நகம் கிடையாது. அது சுரங்கச் சக்கரத்தின் பல், நம் களிமண்ணிலிருந்து அப்படியே அச்செடுத்தது. மூன்றாவது காலடி திரும்பியிருந்தது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிப் படுத்திருந்தீர். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தீர். சிரித்தீர். “மூணாவதும் திரும்பிகினு இருக்குது பாருங்க!” உடனே முகம் வாடியது. “புளோயர் இல்லியே அண்ணாச்சி. எதுக்குத் திரும்புச்சின்னு அவனுக்குத் தெரில.”

“கேஸ் போடுவோம்” என்றேன்.

“வுடுங்க. ஜனங்க பயப்படுறாங்க இல்ல? போதும்.”

எனக்குப் போதாது என்று சொல்லிவிட்டுக் கோபமாகத் திரும்பினேன். மறுவாரம் உம்மைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இன்றைக்கும் சொல்கிறேன், எனக்குப் போதாது. உம்மிடம் நான் தோற்காத ஒரே வாதம் இதுதான். அதை நீர் இல்லாத இடத்தில் நின்று ஜெயிக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ படுகிறது. திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இல்லை.

ஆகவே, செய்ய வேண்டியது இது. பழைய கண்காட்சிக் குழுவில் உயிரோடு இருப்பவர்கள், குகையைக் கட்டியவர் நீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதட்டிய கைகளால்தான் போட வேண்டும். காண்டிராக்டர் தன் பெயரை இறக்க வேண்டும். ரப்பர் மிருகத்தையும் வெளியேற்ற வேண்டும். மனமில்லை என்றால் மூன்றாவது காலடியை நேராக்கிக்கொள்ளட்டும், இரண்டில் ஒன்று. உம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்த இரும்புக் காலை ஸ்டெல்லா பழைய இரும்புக்காரனுக்குப் போடக் கூடாது. சாட்சி அது ஒன்றுதான்.

நான் பலகை எழுத வேண்டும். எழுதிவிட்டேன். தேக்குப் பலகை, கறுப்புத் தரை, மஞ்சள் எழுத்து: ‘இந்தக் குகையை உருவாக்கியவர்’. கீழே ஒரு வரி இடம் காலியாக விட்டிருக்கிறேன். அவர்கள் அதைக் குகை வாசலில் மாட்டட்டும். ஏணியில் ஏறி, எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்க, உம்முடைய பெயரை அங்கே வைத்துத்தான் எழுதுவேன்.