கனகா கேட்ட கேள்வி

15-2-1968, வியாழன்

தூக்கம் வரவில்லை. மனசு குதித்துக்கொண்டே இருக்கிறது.

இன்று பிள்ளையார்பாளையம் பள்ளிக்கூடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டம். நர்ஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பேசும் அதே பேச்சைத்தான் பேசினேன். ஜனம் இப்படியே பெருகினால் முப்பது வருஷத்தில் சோறு போதாது என்றேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். "முப்பது வருசம் கெடக்கட்டும்மா, நாளைக்குக் கொழாயில தண்ணி வருமா?" என்றாள் ஒருத்தி.

அப்போது கனகா எழுந்தாள். தறி நெய்கிறவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

"நீங்க ரெண்டு போதும்ன்றீங்க. எம்பொண்ணு ஒண்ணு போதும்னுவா. அவ பொண்ணு ஒண்ணுமே வேணாம்னுடுவா. அப்போ கெழவங்கள யாரும்மா பாத்துக்குவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவளைக் கரும்பலகைக்கு அழைத்துப்போனேன். தாத்தா பாட்டிகளுக்கு நாலு கோடு போட்டேன். அப்பா அம்மாவுக்கு இரண்டு. குழந்தைக்கு ஒன்று. வயசான காலத்தில் ஆறு பேரையும் தாங்க வேண்டிய அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. இத்தனை படித்தும் இது எனக்குத் தோன்றவே இல்லையே!

"அப்போ ஆபரேஷன் வேண்டாமா கனகா?"

"எனக்கு வேணும்மா, ஒடம்பு தாங்காது. ஆனா இதயும் யாராச்சும் எழுதி வைக்கணும் இல்ல?"

மேலிடத்துக்கு அனுப்பும் கூட்ட அறிக்கையில் 'மக்கள் கருத்து' என்ற இடத்தில் எப்போதும் 'இல்லை' என்றுதான் எழுதுவேன். இன்று அவள் கேள்வியை அப்படியே எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். டாக்டர் திட்டுவார், திட்டட்டும். அடியில், "கேட்டவர்: கனகா, நெசவாளர்" என்று போட்டுக் கையெழுத்திட்டு, சாயங்காலமே தபாலில் சேர்த்துவிட்டேன்.