குருவிக்கு மட்டும் இருந்த பிலிம்

பங்களாக் குருவிகளுக்கெல்லாம் பழகின முகத்தை எனக்கு ஒரு துண்டுக் காகிதத்தில்கூட விட்டுவைக்காமல் போன என் வீட்டுக்காரருக்கு,

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நீங்க கண்ணை மூடிப் பதினோரு மாசம் ஆகிவிட்டது. அடுத்த மாசம் வருசத் தெவசம். வைத்துக் கும்பிட உங்க படம் ஒன்று இல்லை. நம்ம மகள் செல்லம்மாவின் கைக்குழந்தை உங்களைப் பார்த்ததே இல்லை. ஒரு படத்துக்காக நான் எங்கே போய் நின்றேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன வெட்கம்?

உங்க துரை சீமைக்குப் போகிறார். ஆமாம், "நல்ல மனுசன், நல்ல மனுசன்" என்று நீங்க வாய் ஓயாமல் சொன்ன அதே துரைதான். பங்களாவில் பெட்டி கட்டுகிறார்கள். தேயிலையைப் பற்றி அந்த மனுசனுக்கு என்ன தெரியுமோ! பூந்தோட்டத்தில் சாக்குக் கூடாரம் போட்டு, அதில் ஓட்டை வைத்து, கேமராவை நீட்டிக்கொண்டு குந்தியிருக்க மட்டும் நன்றாகத் தெரியும். நாங்க மழையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுப்போம். மழை விடட்டும், குருவி வரட்டும் என்று அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.

பங்களாப் பூந்தோட்ட வேலைக்குப் போன புதிதில் அந்தக் கூடாரத்து வித்தையை நீங்க வந்து சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. ஆள் உள்ளே போவதைப் பார்த்தால் குருவி கிட்ட வராது. அதனால் ரெண்டு பேர் சேர்ந்து போகணும், ஒருத்தர் மட்டும் வெளியே வந்து நடந்துவிடணும். குருவிக்கு எண்ணத் தெரியாது, கூடாரம் காலி என்று நம்பி இறங்கிவிடும்.

"அந்த வெளிய வர்ற ஆளு நாந்தான் புள்ள," என்றீங்க, பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி.

"குருவிய ஏமாத்த ஒரு ஆளு. அந்த ஆள ஏமாத்த ஒரு தொர," என்றேன். நீங்க சிரித்தீங்க. நான் சிரிக்கவா சொன்னேன்?

இன்னொரு கட்டளையும் இருந்தது. நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் குருவிக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். பத்து வருசம் அப்படியே நடந்தீங்க.

குளிர்காலத்துக்கு வருகிற ஆறுமணிக்குருவிக்கு நீங்க செய்யாத ஊழியமா? சருகைப் புரட்டித்தான் அது தின்னும் என்று வேலியோரத்தைக் கூட்டாமல் விட்டு, துரைசாணியிடம் ஏச்சு வாங்கினீங்க. மண்புழு தோண்டிப் போட்டீங்க. இந்தியாவிலிருந்து வருகிற குருவியாம். நம்ம ஆட்களும் அங்கேயிருந்து வந்தவர்கள்தானே? குருவியிடம் எவனும் பிரஜாவுரிமைப் பதிவுக் காகிதம் கேட்கவில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே கூன் விழுந்த நம்மிடம் கேட்டான்.

அந்தக் குருவிப் படம் சீமைப் புத்தகத்தில் வந்தபோது சொந்தப் பிள்ளை பாஸான மாதிரி லயத்து வீடு வீடாகச் சொல்லித் திரிந்தீங்க. சரி, போகட்டும். செல்லம்மா கல்யாணத்தை மறப்பேனா? மகளும் மருமகனும் நாமும் சேர்ந்து நிற்க ஒரே ஒரு படம் கேட்டேன். போய்விட்டு வந்து, "பிலிம் முடிஞ்சிருச்சாம்," என்றீங்க. அன்று சாயங்காலமே துரை கூடாரத்துக்குள் நுழைவதை மலையிலிருந்து பார்த்தேன். "பிலிம் குருவிக்கு மட்டுந்தான்" என்று அவர் சொன்னாராம், பங்களாச் சமையல்கார அப்பு பிறகு சொன்னான். எதற்குப் பொய் சொன்னீங்க? அவர் மானத்தைக் காப்பாற்றவா, என் மனசைக் காப்பாற்றவா?

போன கிழமை பங்களாப் பின்வாசலில் போய் நின்றேன். துரையே வந்தார்.

"என்னா வேணும்?"

"சலாமுங்க தொர. தெவசம் வருதுங்க. எங்க வீட்டுக்காரரு படம் ஒண்ணு இருந்தா…"

"ஒன் புருசன்?" யார் என்று யோசித்தார். பத்து வருசம் கூடாரம் வரைக்கும் கூடவே நடந்த ஆளை, யார் என்று யோசித்தார்! "நான் மனுசன் படம் புடிக்கிறது இல்ல. போ."

போனேன். குசினிக்குப் பின்னால் அப்பு வேண்டாத படங்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க வாங்க. இது அண்ணந்தானே?"

குருவி இறங்குவதற்கு முன்னே, வெளிச்சம் சரியா என்று பார்க்கத் துரை சும்மா ஒரு படம் தட்டுவாராம். அந்த நேரம் ஓட்டைக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது நீங்கதான். பதினேழு படம். பதினேழிலும் தலைப்பாகை, கிழிந்த கோட்டு, வெறுங்கால். பதினேழிலும் முதுகு. ஒரே ஒரு நாள் அந்தக் கட்டளையை மீறித் திரும்பியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

பின்பக்கம் இங்கிலீசில் எழுதியிருந்தது. உங்க பேராக இருக்கும் என்று அப்புவிடம் வாசிக்கச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளிச்சம் பாத்ததுன்னு போட்டிருக்கு, அக்கா."

குருவிப் படம் ஒவ்வொன்றிலும் அதனதன் பேர் இருக்கிறதாம்.

நல்லதாக ஒன்றை மடியில் கட்டிக்கொண்டேன். மிச்சத்தை நானே நெருப்பில் போட்டேன். உங்களை எரிக்கிற உரிமை அந்த ஆளுக்கு இல்லை.

படத்தைப் பார்த்துவிட்டுச் செல்லம்மாவின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முதுக வச்சா கும்பிடப் போறீங்க சம்பந்தி? பொட்ட எங்க வைப்பீங்க?"

"ஒங்க வீட்டுக்காரரு படத்துல மொகம் இருக்குதே, அதுல மட்டும் என்னா லட்சணம் வழியுதாம்?" என்றேன். அதோடு எழுந்து போய்விட்டாள்.

ஆனால் அவள் கேட்டது எனக்குள்ளே ரெண்டு நாள் கிடந்தது. இப்போது முடிவு பண்ணிவிட்டேன். தெவசத்தன்று அந்த முதுகைத்தான் நடுவீட்டில் வைப்பேன். தலைப்பாகைக்குக் கீழே, பின்னங்கழுத்தில் சந்தனம் வைப்பேன். பின்பக்கத்து இங்கிலீசை அடித்துவிட்டு, அதன்மேல் உங்க பேரை எழுதுவேன். தாலி கட்டின நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பேர். சொல்லத்தான் கூடாது என்றார்கள், எழுதக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கைதான். இருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதுவேன், பாருங்க.

இன்னும் கோபம் ஆறாத,
உங்க பெண்சாதி,
செல்லம்மாவின் ஆத்தா