எலூல், இருபத்தொன்பது நாள்

செப்டம்பர் 5, 2005, திங்கள்

காலையில் கீழ்வீட்டு மிரியம் வந்து கதவைத் தட்டினார். முகம் இறுகியிருந்தது. போன மாரியில் நான் கருவாடு பொரித்ததற்கு வீட்டுக்காரரிடம் முறைப்பாடு செய்தது அவர்தானாம். மன்னிக்க வேண்டும் என்றார். எனக்கு அது அப்போதே தெரியும், சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. மன்னித்தேன் என்று வாயால் சொல்."

சொன்னேன். உள்ளே வந்து தேநீர் குடித்தபடி விளக்கினார். யூதர்களுடைய எலூல் மாதம் இன்று தொடங்குகிறது. அவர்களின் புதுவருடத்துக்கு முந்திய மாதம். அந்தப் பெயருக்குத் 'தேடுதல்' என்று பொருள் சொல்வார்களாம். வருடம் முழுவதும் செய்ததைத் தனக்குள் தேடிப் பார்க்கும் மாதம். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுளிடம் சொல்லலாம். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடமே போய்க் கேட்க வேண்டும். மறுத்தால், மூன்று தரம் வரை.

"பரீட்சைக்கு முதல் பாடங்களை மீட்டுவது போல" என்றேன்.

"பாடப் புத்தகம் திருப்பித் திட்டாது!" என்றார்.

அவர் போன பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. கௌசலா.

செப்டம்பர் 6

கௌசலா என் தங்கை. இதே நகரத்தின் மறு கோடியில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். நான்கு வருடமாக என்னோடு கதைப்பதில்லை. அவள் மகள் நிலக்ஷிக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னிடம் விசாரித்தா: "டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. பிள்ளைக்கு வருத்தம் ஏதும் இருக்கா?" பதினொரு வயதில் வலிப்பு வந்தது, இப்போதும் மருந்து எடுக்கிறாள் என்றேன். இரண்டு நாளில் பேச்சு நின்றது.

பொய்யா சொன்னேன்? இல்லையே. பிறகு ஏன் தொலைபேசி அடித்தால் கௌசலாவோ என்று ஓடுகிறேன்?

செப்டம்பர் 9

கௌசலாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எவ்வளவு பொறுமையாகச் சொன்னேன்! உடம்பில் காய்ச்சல் இருந்தால் தெர்மாமீட்டர் காட்டும், அதற்காகத் தெர்மாமீட்டரைக் கோபிக்கலாமா என்று ஓர் உதாரணமும்—

"அக்கா, நீங்க மன்னிப்புக் கேக்கிறீங்களா, வகுப்பு எடுக்கிறீங்களா?"

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 10

ஒரு தரம் முடிந்தது.

செப்டம்பர் 18, ஞாயிறு

ரயிலில் ரொக்ஸ்பரோ போனேன். கதவைத் திறந்தது அவள் கணவர் இரவிச்சந்திரன். "வாங்க மச்சாள்" என்று வாய் சொன்னது. கண் குசினிப் பக்கம் போனது.

உள்ளிருந்து குரல்: "ஆரு அது? தெர்மாமீட்டரா?"

வந்து நின்றாள். நரைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "என்னட்ட ஏன் வாறீங்க? மூணு மாசம் வேலைக்குப் போகாமக் கிடந்தது நானா?" என்றாள்.

இருக்கச் சொல்லவில்லை. வாசலோடு திரும்பினேன். இரண்டு.

செப்டம்பர் 21

சமைக்கவில்லை. மடித்த துணியையே திரும்ப மடித்தேன். என்னட்ட ஏன் வாறீங்க— என்ன கேள்வி அது?

செப்டம்பர் 24

மட்டக்களப்பில் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தேன். ஒரு பிள்ளையின் புள்ளியை இன்னொரு பிள்ளையின் தாய்க்குச் சொன்னதுண்டா? பள்ளிக்கூட வாசலில் மறித்துக் கேட்டாலும், "உங்கட பிள்ளையப் பத்திக் கேளுங்க" என்பேன்.

நிலக்ஷியின் வருத்தத்தை மட்டும் ஏன் சொன்னேன்? உண்மைதான். என்னுடைய உண்மையா அது? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? டீச்சர் பொய் சொல்ல மாட்டா என்றதும் எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்றே, அதுதானே?

இரண்டு தரம் கேட்டாயிற்று. ஆளே பிழை.

செப்டம்பர் 27

நிலக்ஷி அகாடி பக்கம் ஒரு கார்டெரியில், சிறுபிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள். மத்தியானம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"பெரியம்மாவா?"

உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை. "உன்னக் கேக்காம உன்ர விசயத்தச் சொன்னன். அது என்ர பிழை. மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறன்" என்றேன்.

"நாலு வருசம் கழிச்சு, இப்ப ஏன்?"

எலூல் என்றேன்.

"அது என்ன, புது மருந்தா?"

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகு எடுக்கிறன் என்று வைத்தாள்.

செப்டம்பர் 30

எடுக்கவில்லை.

அக்டோபர் 2

இல்லை. "இன்னும் இரண்டு தரம் கேட்கலாம்" என்று மிரியம் விரல் காட்டினார். வேண்டாம் என்றேன். விடாமல் தொலைபேசி அடித்து மன்னிப்பை அவள் வாயிலிருந்து பிடுங்குவதும் இன்னொரு பிழை. ஆனால் கை அந்தத் தொலைபேசியை விட்டு விலகவில்லை.

அக்டோபர் 3, திங்கள்

எலூல் இன்று முடிகிறது. ஐந்து மணிக்கு நிலக்ஷி வந்தாள், கார்டெரியிலிருந்து நேரே, உடுப்பில் பெயின்ட்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடி தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தக் கிழமை நானே அவரிட்ட என்ர வருத்தத்தப் பத்திச் சொல்ல இருந்தன், பெரியம்மா. எப்பிடித் தொடங்கிறது எண்டு எழுதிக்கூட வச்சிருந்தன். நீங்க முந்திட்டீங்க."

அவள் எழும்பிப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சாப்பிட்டியா என்றேன்; ஓம் என்றாள். தாயைப் பற்றிக் கதைத்தோம், முழங்கால் வலியாம்.

ஆறு மணிக்குக் கைப்பையைத் திறந்து வலிப்புக்கான குளிசை மட்டையை எடுத்தாள். அம்மா வீட்டில்கூட அறைக்குள் போய்த்தான் போடுவாளாம்.

"கொஞ்சம் தண்ணி தாங்க" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு முன்னால் இருந்தே போட்டாள்.