துறையடியில் வாசித்த பெட்டி

ஆரையம்பதி
ஐப்பசி, 2006

அன்பு மகள் வதனிக்கு,

நீ அனுப்பின பெட்டியோடு போன கிழமை துறையடி ஆமிச் சென்ட்ரியில் என்னை மறித்து, ஆற்றைக் கடக்கிற பாஸையும் பறித்து, பொழுது சாயும்வரை இருத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். வேறு ஆளின் வாயால் கேட்டு நீ அங்கே கிடந்து அழக்கூடாது என்றுதான் முதல் வரியிலேயே எழுதுகிறேன். ஒருவரும் என்மேல் கை வைக்கவில்லை. நான் சுகம், அப்பாவும் அவருடைய இருமலும் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கட கண்ணகி அம்மன் காவல்.

பேர்ளினில் இருந்து லீவில் வந்த உன் சிநேகிதி பெட்டியையும் கடிதத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தா. பிரித்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுகிற கேம் பெட்டி, அதன் முதுகில் ஓட்டை போட்டு, சிவப்பும் பச்சையுமாக வயர் வெளியே இழுத்து, பக்கத்தில் வரிசையாகச் சுவிச்சு, திருகுவதற்கு இரண்டு கட்டை. புள்ள, நீ இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே, இங்கே வயர் தொங்குகிற பெட்டிக்கு என்ன பெயர் என்று மறந்துபோச்சா. இதுதான் நான் மேடையில் வாசிக்கிறது அம்மா, பாட்டு வராது, சத்தம்தான் வரும், பாதியில் நிற்பாட்டாமல் கேளுங்கோ என்று எழுதியிருந்தாய். போன வருசம் நீ அனுப்பின சீடியை அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, மெசின் பழுது என்று காத்தான்குடிக்குக் கொண்டுபோய் சாலிஹ் காக்காவின் கடையில் கொடுத்தார். அவர் கழற்றித் துடைத்துக் காசும் வாங்கிக்கொண்டார். திரும்பப் போட்டால் அதே கரகரப்பு. மறுகா சாலிஹ் காக்கா என்னிடம், அக்கா மெசினில ஒண்டுமில்ல, நோய் பாட்டிலதான் என்றார். அந்தக் கதையை உனக்கு நாங்கள் எழுதவில்லை, நல்லாயிருந்தது என்று எழுதினோம்.

உன் தொழிலை ஊரில் நான் சொல்லி வைத்திருக்கிற விதமும் உனக்குத் தெரியாது. மகள் மியூசிக் செய்கிறா என்று சொன்னேன், என்ன வாசிக்கிறா என்றார்கள், பெட்டி என்றேன். சனம் அதை ஆர்மோனியம் என்று எடுத்துக்கொண்டது, நானும் திருத்தப் போகவில்லை. அக்கரையில் உன் பெரியம்மா அன்னப்பூரணி, நான் தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம், பிள்ளை வாசிக்கிற பெட்டியை ஒருக்கா எனக்குக் கேட்கத் தாகா, சாகிறதுக்கு முதல் கேட்டுப்போட்டுச் சாவம் என்று ஒரே கரைச்சல். சாலிஹ் காக்காவிடம் நாலு பென்டோர்ச் பற்றறி வாங்கிப் போட்டு, சவர்க்காரமும் சீனியும் இருந்த கடகத்துக்குள் பெட்டியையும் வைத்துக்கொண்டு வெள்ளாப்பில் துறைக்குப் போனேன். அப்பா வாசலில் நின்று, அதை வைத்துவிட்டுப் போவன் என்றார். அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன். அக்கரை இயக்கத்தின் பக்கம் என்று, சண்டை திரும்பத் தொடங்கின நாளில் இருந்து அங்கே பற்றறி கொண்டுபோக ஆமி விடுவதில்லை, அது துறையடியில் நிற்கிற நாய்க்கும் தெரியும். சாமானுக்குள் இருக்கிற பற்றறியும் பற்றறிதான் என்று எனக்கு அப்போது ஓடவில்லை.

கடகத்தில் கை விட்ட பெண் சிப்பாய் வயரைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆற்றைக் கடக்கப் பாதைப் படகுக்கு நின்ற சனமெல்லாம் கலைந்தது. சென்ட்ரிக்குப் பெரியவன் வந்தான், மொழிபெயர்க்க முஹம்மட் என்ற பொலிஸ்காரத் தம்பி வந்தது. இது என்ன என்று கேட்டார்கள், பெட்டி என்றேன். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, சிங்களத்திலும் பெட்டி பெட்டிதான், பெரியவனின் முகம் அப்படியே கறுத்தது. குண்டென்றால் நான் என்ர மடியில வச்சு அமத்துவனா, கேட்டுச் சொல்லுங்க தம்பி என்றேன். முஹம்மட் மெல்லமாக, அக்கா அந்தக் கதைய விடுங்க, அப்படி அமத்துற ஆக்களும் இருக்காங்க என்றது. அதற்குள் என் பாஸ் பெரியவனின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாஸ் இல்லையென்றால் எனக்கு அக்கரை இல்லை, அக்கரை இல்லையென்றால் தயிர் இல்லை, நெல் இல்லை, கடையை இழுத்து மூடவேண்டியதுதான். கூனி இறால் விற்கத் தொடங்கின காலத்தில் இருந்து இந்த ஆற்றைக் கடந்து கடந்து சேர்த்தது எல்லாம் அந்த மட்டைத் துண்டில் நிற்கிறது.

பாட்டுப் பெட்டி என்றால் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவர்களெல்லாம் மண்மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, என்னை ஆற்றோரம் வெட்டை வெளியில் தனிய இருத்தினார்கள். சுவிச்சைத் தட்டினேன். உன் கடிதத்தில் எழுதியிருந்தபடி கட்டையைத் திருகினேன். முதலில் ரேடியோவில் ஸ்டேசன் பிடிபடாத இரைச்சல், பிறகு கீ கீ என்று ஒன்று, பிறகு நெல்லுமில் பெல்ட் அறுந்து அடிக்கிற மாதிரி. நிற்பாட்டுகிற சுவிச்சு எதுவென்று நீ எழுதவில்லை மகள், அதனால் முழுக்கக் கேட்க வேண்டியதாகப் போய்விட்டது. கேட்டுக்கொண்டு போக அடியில் ஒரு இரைச்சல் இருந்தது, தூரத்தில் ஹெலிகொப்டர் வருகிறதா போகிறதா என்று தெரியாமல் நிற்கிற நேரத்துச் சத்தம். அதற்கு மேலே வேறொரு சத்தம் அதை மூடப் பார்க்கிறது. தொண்ணூறில் பங்கருக்குள் கிடந்தபோது நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஹெலி போகும்வரை ங்ங்ங் என்று வாயால் இரைந்துகொண்டிருப்பாய். பேசாமல் கிட புள்ள என்று நான் உன் வாயில் அடித்திருக்கிறேன். இது அந்தச் சத்தம் என்று எனக்குப் பட்டது. சரியா பிழையா என்று எழுது.

குண்டில்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து, அப்படியென்றால் இது செய்தி அனுப்புகிற செட் என்றார்கள். கீ கீ என்றால் அவர்களுக்கு அதுதானே. செய்தி கேட்டு வந்து நின்ற அப்பா சைக்கிளில் போய் சாலிஹ் காக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பயந்தாலும் அந்த மனிசன் கையோடு கடையில் கிடந்த கேம் கசெட் ஒன்றைக் கொண்டுவந்து உன் பெட்டியின் முதுகில் செருகினார். மேலே இருந்து செங்கட்டி விழ விழ அடுக்குகிற விளையாட்டு, படம் தெளிவாக விழுந்தது. சத்தம் மட்டும் உன்னுடைய சத்தம், கல்லில் அரைபட்ட மாதிரி. பெரியவன் வாங்கித் தானும் கொஞ்சம் அடுக்கிப் பார்த்தான். பிறகு, இந்தச் சத்தத்தையா அங்கே ஆட்கள் வந்து கேட்கிறார்கள் என்று கேட்பித்தான். ஓம் மாத்தயா, டிக்கெட் எடுத்து நின்றுகொண்டு கேட்கிறார்கள், சும்மா கேட்ட ஆள் நீங்கள் மட்டும்தான் என்றேன். முஹம்மட் அதைச் சொல்லவா விடவா என்று என்னைப் பார்த்தது, சொல்லும் தம்பி என்றேன். சொன்னது. சிரித்தான். சிரித்த ஆளோடு பேரம் பேசலாம்.

பெட்டியை வைத்துவிட்டுப் போ என்றான். அவனுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு ஒன்றும் பிடிபடவில்லை என்று மேலே எப்படி எழுதுவான். வெறுங்கையோடு ஒருவரையும் அனுப்பக்கூடாது, அது வியாபாரத்தில் முதல் பாடம். மாத்தயா, தடைசெய்த சாமான் பற்றறிதானே, அதைப் பிடித்ததாக எழுதுங்க, பெட்டி என் பிள்ளை கையால் செய்தது, அதைத் தாங்க என்றேன். யோசித்தான், ஒத்துக்கொண்டான், சட்டைப் பையில் இருந்த பாஸையும் எடுத்துத் தந்தான். இன்னொன்று கேட்டேன், என் அக்கா அக்கரையில் காத்திருக்கிறா, இங்கே வந்தால் பற்றறியைப் போட்டு ஒருக்கா கேட்க விடவேணும் என்று. அதற்கும் தலையாட்டினான், ஆனால் கேட்பதென்றால் இங்கே வைத்துத்தான் என்று என்னிடமும் சொல் வாங்கினான்.

நேற்று உன் பெரியம்மா தயிர் முட்டியோடு இக்கரைக்கு வந்தா. சென்ட்ரியில் கிடந்த மர வாங்கில் இருவரும் இருந்தோம், முஹம்மட் மேசை லாச்சியில் இருந்து பற்றறியை எடுத்துப் போட்டுத் தந்தது, பாதைக்கு நின்ற சனமும் சுற்றி நின்று கேட்டது. உது நம்மட பாதை எஞ்சின் ஸ்டாட் வராம இழுக்கிற சத்தமெல்லோ என்று ஒருவன் பகிடி விட்டான். அன்னப்பூரணி அவனைப் பார்த்து, வாய மூடுறா, பிள்ள வாசிக்குது என்றா. கடைசிவரை கேட்டுவிட்டு, ஆர்மோனியம் என்று சொன்னியேகா என்று என்னைத்தான் ஏசினா. பிறகு, அடுத்த கிழமையும் வாறன் என்றுவிட்டுப் போனா. இனி ஊரில் கேட்டால் உள்ளதையே சொல்லப் போகிறேன்.

கடையில் பற்றறி வாங்கி வீட்டில் போட்டுக் கேட்கலாமே என்று நீ கேட்பாய். கேட்கலாம், ஆனால் சொன்ன சொல்லில் நின்றால்தான் அடுத்த முறை பேரம் பேச வாய் இருக்கும். உன் பேரில் எழுதின வீட்டில், சுனாமிக் கடல் வந்தபோது விழுந்த பின்மதிலைக் கட்டியாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு, கூதலுக்குக் காதை மூடு. இனி எதையாவது அனுப்பினால் வயரை உள்ளே விட்டு மூடி, இது இசைக் கருவி என்று சிங்களத்திலும் எழுதி ஒட்டி அனுப்பு. நிற்பாட்டுகிற சுவிச்சு எது என்பதையும் மறக்காமல் எழுது. நீ எந்தச் சத்தம் போட்டாலும் போடு மகள், இனி வாயில் அடிக்க மாட்டேன், அம்மன் உன்னை நல்லா வைத்திருக்கட்டும். முடிவாக ஒத்துக்கொண்டது இதுதான்: பாஸ் என் மடியில், பெட்டி என் வீட்டில், பற்றறி அவர்களின் லாச்சியில், கேட்பதென்றால் துறையடியில், எல்லாருமாக.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. சீதேவிப்பிள்ளை